ஓஷ் பஜார்ல தொங்குற முகம்

பெர்மெத்: ...மேல தொங்குற இது மூக்குக் கண்ணாடிக் கடை விளம்பரமாடி? நான் கேமரா விக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன்!

மீரிம்: கண்ணாடிதான்க்கா. கண்ணாடிக்குள்ள கேமரா லென்ஸ், லென்ஸுக்குள்ள கண்ணு. புதுசா இருக்கணுமாம்.

பெர்மெத்: நல்லா இருந்துச்சு போ! பக்கத்து வீட்டு அய்சாடா உள்ளயே போய் கேமரா என்ன விலைன்னு கேட்டுட்டு வந்திருக்கா.

மீரிம்: சரி... பஸ் வந்துடும், வாக்கா.

பெர்மெத்: இருடி. மூணு மாடி உசரத்துக்கு உன் மூஞ்சி! ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திங்க நாம. நீ மேல சிரிக்கிற, நான் வீட்ல மாடு கறக்குறேன்.

மீரிம்: பொறாமையா?

பெர்மெத்: எனக்கா? ...ஆமாடி, வயிறு எரியுது. போதுமா? மாமியார் வேற, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ‘எங்க சின்ன மருமக’ன்னு... பத்து வருஷமா நான் ஊத்துற டீயைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா?

மீரிம்: இந்தப் படம் எடுத்த கனாத் ஸ்டூடியோவுக்கு நீயும் போனியாமே...

பெர்மெத்: யார் சொன்னா? அது... பாஸ்போர்ட்டுக்கு.

மீரிம்: எந்த ஊருக்குக்கா?

பெர்மெத்: மாஸ்கோ.

மீரிம்: உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

பெர்மெத்: சரிடி, போனேன்! உனக்கு முந்தியே போனேன். படமெல்லாம் எடுத்துட்டு, மூஞ்சி அகலம், வேணாம்னுட்டான். திருப்தியா?

மீரிம்: அய்யோ, அக்கா...

பெர்மெத்: நீ ஏண்டி அழுவுற? அழ வேண்டியவ நான். இந்தா, பிடி.

மீரிம்: கம்மலை எதுக்குக் கழட்டுற?

பெர்மெத்: மொத மொத ஒரு முகத்தைப் பார்க்குறப்ப வெறுங்கையோட பார்க்கலாமா? நீ கல்யாணமாகி வந்தன்னிக்கும் சால்வை குடுத்துட்டுத்தானே உன் முக்காட்டை விலக்கினேன். வயித்தெரிச்சல் இருந்தா முறை இல்லாமப் போயிடுமா?

மீரிம்: வேணாம்க்கா.

பெர்மெத்: ஏன், மகாராணிக்கு வெள்ளிக் கம்மல் ஆகாதோ?

மீரிம்: அந்த லென்ஸுக்குள்ள நல்லாப் பாரு.

பெர்மெத்: என்னத்தை... கண்ணு. ஓரத்துல ஒரு மச்சம்... அடியே, உனக்கு அங்க ஏது மச்சம்?

மீரிம்: எனக்கில்லக்கா. என் கண்ணு எடுப்பா இல்லைன்னு கனாத் உன்னோடதை வெட்டி ஒட்டிட்டான். ஊரே அந்தக் கண்ணைத்தான் புகழுது. நான் வாயைத் திறக்காம தலையாட்டிட்டு, நீ பார்த்துடக் கூடாதுன்னே ஒரு மாசமா உன்னை பஜாருக்கு விடாம நானே அலைஞ்சேன்.