வாய் திறக்க முடியாதவளிடம் கேட்ட கோஷம்

கூட்டத்தின் தலைவர் சதாசிவன் அவர்களே! கொல்லயில், அதியன்னூர் ஆகிய ஊர்களிலிருந்து கால் கடுக்க நடந்து வந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் இனமானமுமாக வந்திருக்கும் தாய்மார்களே! தோள் கொடுக்கும் தொண்டர்களே! பொன்னப்பனின் வணக்கம். வாழ்த்திப் பேச வரவில்லை நான். வயிறெரிந்து பேச வந்திருக்கிறேன்.

கைதட்டாதீர்கள்! கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

முன்வரிசையில் கன்னத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறாளே, யார் அவள்? பொழியூர்க் கடற்கரையில் வலை முடிகிற பெர்த்தா. நூலை முன்பல்லால் கடித்திழுத்து முடிச்சை இறுக்குகிறவள். அந்தப் பல்லின் வேரில் சீழ் கட்டிவிட்டது.

என்ன? "பிடுங்கிப் போட்டா தீரும்லா" என்கிறீரா? யார் அது, தங்கையனா? உம்முடைய பல்லைப் பிடுங்கிப் பாரும் ஐயா! நகரத்து ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் என்ன சொன்னார்? "பல்லெடுக்கண்டா மோளே" என்றார், பல்லை எடுக்க வேண்டாமாம். ஈறைக் கீறி, வேரின் நுனியை மட்டும் அறுத்தெடுத்தால் பல் பிழைக்கும் என்றார். அந்த வேலைக்கு அவர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும்.

ஆமாம், அவர் மலையாளிதான்! அதனாலென்ன? நம் பெண்ணின் பல்லைக் காக்க நினைத்தவர் அவர், கெடுத்தவர்கள் நாம்!

இந்த மண்ணை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு, போன செவ்வாயன்று இதே உதியன்குளங்கரையில் மறியல். பஸ்ஸை நிறுத்தினோம். "தமிழ் வாழ்க" என்று சொல்கிறவர்களுக்கே வழி என்றோம். எல்லோரும் சொன்னார்கள். அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த இவள் சொல்லவில்லை. கூட வந்த தாய் அகஸ்டினா கதறினாள்: "எலே மக்கா, பிள்ளைக்கு வாய் தொறக்க முடியாதுலே, பல்லு வேதனையாக்கும்!" கேட்டோமா? கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு மலையாளத்தில் இருந்தது. அது போதாதா நமக்கு? "அவளே சொல்லட்டும், இல்லேன்னா எறங்கட்டும்!" என்று ஒருவன் கத்தினான். தாயையும் மகளையும் இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸை விட்டோம்.

யார் அந்தப் பாவி? நான்தான்! தமிழிலேயே அழுத தாயின் முன்னால் தமிழுக்குப் பரீட்சை வைத்த மடையன் நான்தான்!

நாளை மறுபடியும் செவ்வாய். நாளையும் தவறினால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். நாளையும் மறியல் என்று இதே மேடையில் தீர்மானம் போடுகிறோம்! தாய்த்தமிழகத்தோடு சேரத் துடிக்கிறோமே, சொந்தப் பெண்ணை நடுரோட்டில் இறக்கிவிட்டா சேர வேண்டும்? இதுவா போராட்டம்? இதுவா வீரம்? வெட்கமாயில்லை நமக்கு?

தலைவர் அவர்களே, நோயாளி வரும் வண்டியை எந்தக் கேள்வியும் கேட்காமல் விட வேண்டும். முடியாதென்றால் இந்தத் தொண்டர் பட்டையை இப்போதே கழற்றிவிடுகிறேன். நாளை பெர்த்தாவின் வண்டிக்கு முன்னால் நான் நடப்பேன். தடுக்கிறவன் என்னை மிதித்துவிட்டுப் போகட்டும்!

தலைவர் சரியென்று தலையசைக்கிறார். இப்போது தட்டுங்கள்!

பெர்த்தா, தங்கச்சி, மன்னித்துவிடு. நீ பதில் பேச வேண்டாம். காலையில் முதல் வண்டியில் ஏறு, அது போதும்.

என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட அத்தனை பேருக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன்.

இல்லை, அமரவில்லை. எலே எலியா! நாளைக்கென்று ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கிய தென்னந்தடிய இப்பமே இழுத்து மாத்துலே! பிடி, நானும் வாறேன்!