மூன்றாவது வரி

மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலை யாரும் படிப்பதில்லை, டாக்டர். உங்கள் வரவேற்பறைப் பெண்ணும் படிப்பதில்லை. வெளியே காத்திருந்தபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திற, நகலெடு, பெயர் மாற்று, அழி என்று அது பாட்டுக்கு நீளமாக இறங்குகிறது. அவள் கண் வாசலில் இருக்கிறது, கை மட்டும் தானாகப் போய் வேண்டிய வரியில் நிற்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான், கைப்பழக்கம்.

எனக்குப் பிழைப்பே அதில்தான். ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக எந்த மென்பொருளைப் போட்டாலும் அது தன் பங்குக்கு ஒரு வரியை அந்தப் பட்டியலில் செருகிவிடும், விருந்தாளி நடுவாசலில் செருப்பைக் கழற்றிப் போடுகிற மாதிரி. நான் வேண்டாததை எடுத்துவிட்டு, அவரவர் வேலைக்கு ஏற்ற வரியைச் சேர்த்துக் கொடுப்பேன். கோப்பின் மேல் ஒரு கிளிக் செய்தால் போதும், அது போகவேண்டிய மேசைக்குப் போய்விடும். அலுவலகத்தில் என் பெயரே 'கிளிக் அக்கா'தான்.

வீட்டில் ஏதாவது நடந்ததா என்று போன முறை கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். அது பொய். இன்று நிதானமாகவே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

தோளுக்கு மேல் வளர்ந்த மகளைப் பாப்பா என்கிறேனே என்று நினைக்காதீர்கள், வாய் அப்படிப் பழகிவிட்டது. அவள் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுவாள். கோடு போடுகிற கைக்குக் கோப்பு அனுப்ப வராது. ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, படத்தையெல்லாம் சுருக்கி, மெயில்ல சேர்த்து, லெட்டர் வெச்சு... ஒவ்வொரு தடவையும் உயிர் போகுது. உன் ஆபீஸ்ல பண்ற மாதிரி எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன்."

"பண்ணித் தரேன். வேற என்ன வேணும் மகாராணிக்கு?"

"அழிக்கும்போது நிஜமாவா நிஜமாவான்னு ஒரு பெட்டி வந்து கேக்குதுல்ல, அதைத் தூக்கிடு. அப்படியே உன்னை மாதிரி நச்சரிக்குது."

இருவரும் சிரித்தோம். அன்றைக்கே இரண்டையும் செய்து கொடுத்தேன். மூன்றாவது வரி, 'விண்ணப்பம் அனுப்பு'. முகவரியைத் தட்டினால் மீதியெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நான்காவது வரி, 'அழி'. கேள்வி கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது, போனால் போனதுதான்.

முதல் விண்ணப்பம் உண்மையாகவே போனது. தூர தேசத்து ஸ்டுடியோ ஒன்று. இந்த முறை இடமில்லை, இன்னும் சில படங்களோடு மறுபடி எழுதுங்கள், உங்களை மறக்கமாட்டோம் என்று பதில் வந்தது. பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் சொன்னாள்: "போனா ஆறே மாசம்தாம்மா. உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஆறே மாசம் என்றுதான் அவள் அப்பாவும் சொன்னார், எங்கள் வீட்டு வாசலில், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. போன இடத்தில் அவருக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. எனக்குப் பயம், டாக்டர். அலுவலகம் விட்டு வந்து, பூட்டைத் திறந்து, இருட்டில் நானே கைநீட்டி விளக்கைப் போடவேண்டும் என்பதை நினைக்கவே முடியவில்லை. அடுத்த விண்ணப்பம் போனால் அவளை எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மூன்றாவது வரியின் பெயரை நான் தொடவில்லை, இடத்தையும் மாற்றவில்லை. அதன் அடியில் நடக்கிற வேலையை மட்டும் மாற்றினேன். அவள் எந்த முகவரியைத் தட்டினாலும் எல்லாம் நான் திறந்து வைத்திருந்த ஒரு மெயில் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அவள் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வரும். அவளும் நிம்மதியாக எழுந்து போவாள்.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அவள் காத்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. பல் தேய்க்கும் முன் மெயிலைத் திறப்பாள். "ஒருத்தர்கூட பதில் போடலையேம்மா. வேணாம்னாவது சொல்லித் தொலைக்கலாம்ல?" என்பாள். பெற்ற வயிறு கேட்குமா? அதனால் பதில் எழுதினேன். அந்தந்த ஸ்டுடியோவின் பெயரில், பார்த்தால் அசல் போலவே இருக்கும் முகவரிகளிலிருந்து. முதலில் மரியாதையாகத்தான் எழுதினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. மரியாதையைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை வந்தது, இன்னும் வேகமாக வரைந்தாள். பிறகு கொஞ்சம் வெளிப்படையாக எழுதவேண்டி வந்தது.

'நீங்கள் வரையும் முகங்களில் உயிரில்லை' என்று ஒன்றில் எழுதினேன். அது உண்மையில்லை. உயிரைத் தவிர அவற்றில் வேறொன்றுமில்லை. ஆனால் எங்கே தொட்டால் வலிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். அவள் அதைச் சமையலறைக்கு எடுத்துவந்து வாசித்துக் காட்டினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உயிரே இல்லையாம். அப்படியாம்மா இருக்கு?"

"பெரிய இடத்துல இருக்கறவங்க சொன்னா காரணம் இல்லாமயா சொல்வாங்க, பாப்பா?" என்றேன்.

அதற்கப்புறம் வரைவது குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. தட்டில் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், நான்தான் ஊட்டிவிடுவேன். மறைக்க என்ன இருக்கிறது, சின்ன வயதுக்குத் திரும்பிவிட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் அறையிலிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வரைந்த படமெல்லாம் இருந்த கோப்புறையின் மேல் கிளிக் செய்து நான்காவது வரியை அழுத்தியிருக்கிறாள். நிஜமாவா என்று அது கேட்கவில்லை. கேட்காதபடி நான்தானே செய்து வைத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் கை நின்னிருக்கும்மா. ஐயோ, திருப்பிக் கொண்டாம்மா. உன்னால முடியும்ல? உனக்கு எல்லாம் தெரியும்ல?"

என் பெட்டியில் எல்லாம் இருந்தது. ஏதாவதொரு விண்ணப்பத்தில் ஒவ்வொரு படத்தையும் அவள் அனுப்பித்தான் இருந்தாள், பள்ளிக்கூடத்தில் வரைந்த பூனை வரைக்கும். ஆனால் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். அதற்கு நான் என்ன சொல்வது?

"போனது போனதுதான், கண்ணு" என்று தலையைத் தடவினேன்.

அவள் கடைசியாகச் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். என் பிள்ளைக்குக் கல்மனம் இல்லாமல் போய்விட்டது. மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. நான் அலுவலகம் விட்டுத் திரும்பும்போது விளக்கு எரிகிறது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இந்த நிலையில் அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறேன்.

படங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், டாக்டர். ஒன்றுகூட வீணாகவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை அவள் வாய் திறந்து கேட்கட்டும், அந்த நிமிடமே கொடுத்துவிடுவேன்.