போன வருஷத்து சீட்

— இத அனுப்பினது நீங்கதானாப்பா? அத மட்டும் சொல்லுங்க.

— எத? கண்ணாடி இல்லாம எனக்கு என்னட்டி தெரியும்? வந்ததும் வராததுமா போன மூஞ்சிக்கு நேரா நீட்டுத. பையக் கீழ வச்சிட்டு உக்காரு மொதல்ல.

— நானே படிக்கிறேன். போன வருஷம் மே பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சே முக்கால். உங்க நம்பர்லேருந்து எங்க பாலே டான்ஸ் மேடத்துக்கு. "வினிதா கோர்ஸ்ல சேர மாட்டா. சீட்ட வேற பிள்ளைக்குக் குடுங்க. அவகிட்ட இதப் பத்திப் பேச வேண்டாம்."

— ம்.

— ம்னா என்ன அர்த்தம்?

— ஆமா. நான்தான் அனுப்புனேன்.

— அவ்ளோதானா?

— வேற என்ன சொல்லச் சொல்லுத? அனுப்புனது அனுப்புனதுதான்.

— அம்மா! மா, இங்க வாயேன். இவரு என்ன பண்ணி வச்சிருக்காருன்னு தெரியுமா உனக்கு?

— கொழம்பு கொதிக்குது கண்ணு. அங்கருந்தே சொல்லு, எனுக்கு கேக்குது.

— ஒரு வருஷமா நான் செலக்ட் ஆகலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்மா. லிஸ்ட்ல என் பேர் இல்ல. இடுப்பு வளையல, குதிக்கறப்ப உயரம் பத்தல, பாதம் சரியில்லன்னு கண்ணாடி முன்னாடி நின்னு என்ன நானே திட்டிக்கிட்டேன். ஆனா பதினாலு பேர்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு. இவரு வேண்டாம்னு சொன்னதும் சீட்டு மேகனாவுக்குப் போயிடுச்சு.

— எந்த மேகனா? நம்ம ஊட்டுக்கு வந்து ராகிக் களிய ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாளே, அந்த பெங்களூர் பொண்ணா?

— அவளேதான். இப்ப போலந்துல ஒரு கம்பெனி அவள அப்ரண்டிஸா எடுத்திருக்கு. ஆகஸ்ட்ல கிளம்பறா.

— என்ன கம்பெனிட்டி அது?

— டான்ஸ் கம்பெனிப்பா. உங்க கம்பெனி மாதிரியேதான். மொதல்ல ட்ரெய்னீ, அப்புறம் அப்ரண்டிஸ், அப்புறம் பெர்மனன்ட். காலைல கம்பியப் பிடிச்சு நின்னு பயிற்சி, மத்தியானம் ரிகர்சல், சாயங்காலம் மேடை. இருபது வயசுக்குள்ள உள்ள போயிடணும். அதுக்கு அந்த ரெண்டு வருஷ கோர்ஸ்ல சேர்ந்திருக்கணும்; மேகனாவ ஒரு வருஷத்துலயே எடுத்துட்டாங்க. இதெல்லாம் உங்களுக்கு நூறு தடவ சொல்லியிருக்கேன்.

— சொல்லியிருக்க. இல்லங்கல.

— அப்புறம் ஏன்?

— ரெண்டு வருஷம் ஹாஸ்டலு. பெங்களூர்ல தனியா. பொட்டப்பிள்ள. யோசிக்க மாட்டனா?

— ஒன்பது வயசுலேருந்து ஞாயித்துக்கிழமையானா பெங்களூர் போறேன். ஆறு வருஷம் அம்மா கூட வந்தா. கிளாஸ் முடியற வரைக்கும் படிக்கட்டுலயே உக்காந்திருப்பா. அதுக்கப்புறம் தனியாத்தான் போறேன். அத்திப்பள்ளி பார்டர்ல டிராஃபிக் நின்னா எறங்கி ஷூப் பையத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன். அப்பல்லாம் நான் பொட்டப்பிள்ள இல்லையா?

— அது வேற, இது வேற.

— எப்படி வேற?

— சொந்தக்காரவுக நாலு பேரு கேப்பாக. சங்கரன்கோயில்ல உங்க பெரியப்பா கேட்டாரு, மக என்னவே படிக்கான்னு. என்னன்னு சொல்ல?

— பெரியப்பாவா? போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, அத்தன பேருக்கு நடுவுல என்ன ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னது யாரு? "என் மக நாப்பது எண்ணுத வரைக்கும் அசைய மாட்டா"ன்னு நீங்கதானப்பா சத்தமா எண்ணினீங்க?

— எண்ணுனேன்.

— எண்ணிட்டு நாலே மாசத்துல இந்த மெசேஜா? எப்படிப்பா நம்பறது? மாடி ரூம்ல எனக்குத் தரை போட்டது யாரு? உங்க பிளான்ட்டுக்கு மெஷின் வந்த மரப்பெட்டியக் கேட்டு வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு பலகையா இழைச்சு, அடியில ரப்பர் வச்சீங்க. குதிச்சா முட்டி போயிரக் கூடாதுன்னு.

— அது சும்மா கெடந்த பலகை. இல்லாட்டா ஸ்க்ராப்புல போட்டுருப்பானுவ.

— மா, கேட்டியா? ஸ்க்ராப்பாம்.

— ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுப் பேசுங்களேன். தட்டு வெக்கிறேன்.

— எனக்கு வேணாம்மா.

— அந்தப் பேச்சு மட்டும் இந்த ஊட்ல வேணாம். ரெண்டு தோசையாவது சாப்புடு.

— சரி, சாப்பிடறேன். இவர்கிட்ட பேசி முடிச்சுட்டு வரேன். அப்பா, லிஸ்ட் வந்த அன்னைக்கு நான் என்ன பண்ணேன்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— நுனிக்கால்ல நிக்கற ஷூ ஆறு ஜோடி. எல்லாத்தையும் சாக்குல போட்டுக் கட்டிப் பரண்ல ஏத்தினேன். ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்க. அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லல.

— அதுக்குப் பொறவு நீ நல்லா சாப்ட்டல்லா? ஒடம்பு தேறிச்சு. நவம்பர்ல நீயாத்தான சாக்க எறக்கித் தாங்கன்னு கேட்ட?

— நான் சாப்பிட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

— இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? கிளாஸ் முடிஞ்சதும் மேடம் கூப்பிட்டாங்க. "இந்த வருஷமும் உனக்கு சீட்டு இருக்கு. போன வருஷத்த விட இப்பத்தான் உன் உடம்புல பலம் தெரியுது. உங்க அப்பா இந்தத் தடவயாவது சம்மதிப்பாரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எதுக்கு மேடம் சம்மதம்னு கேட்டேன். அப்பத்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது, எனக்கு விஷயமே தெரியாதுன்னு. உடனே போன எடுத்துக் காட்டினாங்க, நான் அத அப்படியே படம் எடுத்துக்கிட்டேன். பின்னாடி பதினஞ்சு பேர் ஷூ கழட்டிக்கிட்டு நின்னாங்க.

— இந்த வருஷமும் குடுக்காகளா?

— குடுத்துட்டாங்க. பதினெட்டு ஆயிடுச்சுல்ல, நானே கையெழுத்துப் போட்டுட்டேன். வர்ற திங்கக்கிழமை சேரணும்.

— ரொம்ப நல்லதுட்டி.

— நல்லதா? என்னப்பா, வெளையாடறீங்களா?

— நெசமாத்தான் சொல்லுதேன். போ. நல்லா ஆடு.

— அப்ப போன வருஷம் மட்டும் என்ன? கடைசியாக் கேக்கறேன். ஏன் அனுப்பினீங்க?

— பயம்.

— என்ன பயம்?

— அப்பன்னா ஆயிரம் பயம் இருக்கும். எல்லாத்தையும் ஒங்கிட்ட வரிசையா ஒப்பிக்கணுமா?

— ஒப்பிக்க வேணாம். நான் சொல்றத மட்டும் கேட்டுக்கோங்க. ஹாஸ்டல்ல விட அம்மா வரட்டும், நீங்க வராதீங்க. ஃபார்ம்ல உங்க நம்பர அடிச்சுட்டு அம்மா நம்பர எழுதிட்டேன். எனக்கு போன் பண்ணாதீங்க. என்னைக்காவது நான் மேடை ஏறினா, அதப் பாக்கவும் வராதீங்க.

— சரி.

— சரியா? அவ்ளோ லேசா?

— நீ சொல்லுததுல நியாயம் இருக்கு. ஒரு வருஷம் போச்சுல்லா ஒனக்கு. சரி.

— எனக்கு இனிமே அப்பான்னு கூப்பிடவே...

— வினி, நிறுத்து. போதும்ங்க, நீங்களும் நிறுத்துங்க.

— நீ உள்ள போ, தமிழு. கொழம்பப் பாரு.

— அடுப்ப அணைச்சிட்டுதான் வந்தேன். எத்தினி நாளிக்கு இப்டி? அவ மேடையில ஆடுறதப் பாக்காம இருந்துடுவீங்களா நீங்க?

— இருந்துருவேன். நீ உள்ள போ.

— என்னமா? என்ன நடக்குது இங்க?

— உங்கப்பாவுக்கு அந்த மெசேஜப் பத்தி ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும் கண்ணு. உங்க மேடம் பதில் போட்டாங்க, அப்பத்தான் பாத்தாரு.

— தமிழு, சும்மா இருன்னு சொல்லுதேன்லா.

— "என்னிக்காவது கேட்டா நான்னு சொல்லிக்கறேன், நீதான் அவகூட பெங்களூருக்கும் இங்கயும் அலைஞ்சவ, ஒன்னயக் கோவிச்சுக்கிட்டா தாங்க மாட்டே"ன்னாரு. நானும் சரின்னு இருந்துட்டேன்.

— அப்ப இவரு போன்லேருந்து...

— அன்னிக்கு இவுரு போன சார்ஜுல போட்டுட்டு முடி வெட்டிக்கப் போயிருந்தாரு. நீ அந்த மாசம் முப்பத்தெட்டு கிலோ. ஒடம்பு லேசா இருந்தாத்தான் தூக்கி ஆடுவாங்கன்னு தின்னதெல்லாம் வாந்தி எடுத்துக்கினு இருந்த. குழாயத் தொறந்து உட்டா எனுக்கு கேக்காதுன்னு நெனச்ச. பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கினுதான் நான் அத அனுப்பினேன்.