நீலம் எங்க போச்சு?

— சித்தப்பா, கையை எடுங்க. டிரம் ரொம்பட்டும், அப்பறம் கொழாயைத் தெறக்கலாம்.

— த பாரு திவ்யா, நாளைக்கு ஆபீசருங்க ஷெட்டுத் தண்ணிய சோதிக்க எடுக்க வராங்க. செம்பு இருந்தா ஷெட்டுக்கு சீலு. தொண்ணூத்தொண்ணுலேருந்து ஏழு வருசமா மகாபலிபுரத்துக் கடைங்களுக்கு பொம்மைக்கு செம்பு முலாம் போட்டுப் பொழைக்கிறேன். கழுவுன தண்ணிய வூட்டுக்குப் பின்னால கெணத்தாண்ட பள்ளத்துல வுட்டதுக்கு எவனோ மனு போட்டுட்டான். நீ இன்னாடான்னா ஜூஸ் கடைத் தோலை வெச்சு வெளையாடிகினு கீற.

— வெளையாட்டா? இதான் என் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டு. சுண்ணாம்புத் தண்ணியில அலசி, காய வெச்சு, இடிச்சு... நாலு மூட்டை சாத்துக்குடித் தோலு இந்த டிரம்முக்குள்ள இருக்கு சித்தப்பா.

— மூட்டை தூக்குனவன் நானு, எனக்குத் தெரியாதா? ஏசுபாதம் ஜூஸ் கடையாண்ட நின்னு தோலு கேட்டா, திருப்போரூர் பஸ் ஸ்டாண்டே சிரிக்குது. "இன்னா தர்மராஜு, ஜூஸை எங்களுக்கு வுட்டுட்டியா"ன்றான்.

— சிரிக்கட்டும். இப்பத் தெறங்க. மெதுவா... மெதுவா.

— இரு கண்ணு. மேல ஊத்துனது நம்ம தொட்டித் தண்ணிதான? மயில் கழுத்து மாரி இருந்துச்சே?

— அதே தண்ணிதான்.

— மழைத்தண்ணி மாரி வருது! முருகா... நீலம் எங்க போச்சு?

— அவசரப்படாதீங்க, கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். இந்த மருந்தை ரெண்டு சொட்டு விடறேன். செம்பு இருந்தா கருநீலமா மாறும்... பாருங்க. மாறவே இல்ல!

— குப்பைக்குப் போற தோலுக்கு இம்மாம் சக்தியா? ஏழு வருசமா இந்த நீலத்தோட மாரடிச்சேன். ஒரு மடக்கு குடிச்சுப் பாக்கட்டா?

— ஐயோ, வாயில வெச்சிடாதீங்க! வேற என்னென்ன கலந்திருக்கோ.

— சரி, வெக்கல. எங்க போச்சு, அதச் சொல்லு.

— எங்கயும் போவல. தோலுல ஒட்டிக்கிச்சு. உள்ள எட்டிப் பாருங்க, பச்சையா இருக்கும். இனிமே இது வெஷம். ஆசிட்ல கழுவி அந்தச் செம்பைத் திருப்பி எடுத்தாகணும். ஆமா, நேத்து நான் பக்கெட்டுல பரிட்சை பண்ணேனே, அந்தத் தோலை எங்க வெச்சீங்க?

— அது... தோலுன்னா மாட்டுக்குத்தான கண்ணு? வூட்டுக்கு எடுத்துகினு போயி செவலைக்கு வெச்சுட்டேன்.

— அடக் கடவுளே! தின்னுடுச்சா?

— ஒரு வாய் கூட வெக்கல. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. கொழுப்பு ஏறிப்போச்சுன்னு உங்க சித்தி கூட நல்லா திட்டுனா.

— அப்பாடி! எனக்கு லேப் வேணும், மருந்து வேணும். அதுக்கு மூக்கே போதும் பாருங்களேன்! கையெடுத்துக் கும்பிடணும் சித்தப்பா.

— ரெண்டு வருசமா நம்ம கெணத்துத் தண்ணியையும் அது அப்டித்தான் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிது, திவ்யா. நாங்கதான் குடிச்சுகினு கீறோம்.