இரும்பு படாத பத்தியம்

ஓர் உயிரின் விலை ஏரல் கடைத்தெருவில் நாலணா. சாரம்மாள் பொட்டலத்தை மூன்றணாவுக்குக் கேட்டாள். மூன்றரைக்கு இறங்கிக் கொடுத்தேன். பேரம் பேசாமல் வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாகப் பைய சொல்லுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

பொட்டலத்தில் இருந்தது துளசி, சுக்கு, உடன்குடிக் கருப்பட்டி. அதோடு இலங்கைத் தேயிலைத் தூள், தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்குவது. ஏரலில் அதைக் குடித்துப் பார்த்தவர்கள் என்னையும் சேர்த்து நாலு பேர் இருந்தால் அதிகம். கொதிக்கவைத்துக் குடித்தால் கண் தெளியும், ஒரு தெம்பு வரும். மார்பிலே புற்றுக்கட்டி கரைகிற தெம்பு அது என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

மருந்தை யாரும் விற்கலாம். பத்தியத்தை விற்கத்தான் மூளை வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், நாளுக்கு ஒரு பொட்டலம், உப்பு ஆகாது, புளிப்பு ஆகாது, உடம்பில் இரும்பு படக்கூடாது. ஒருநாள் தவறினாலும் பழைய பொட்டலம் பலிக்காது. புதிதாக நாற்பத்தெட்டும் வாங்கி முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரும்பு எதற்கு என்கிறீர்களா? பாளையங்கோட்டை டாக்டரம்மாவின் கையில் கத்தி இருந்ததே.

சாரம்மாளின் புருஷன் வேதநாயகம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கட்டி எலுமிச்சங்காய் அளவு, இந்த மாதமே அறுத்தால் பிழைப்பாள் என்று டாக்டரம்மா சொன்னதை அவரே என்னிடம் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமாட்டேன்.

நாற்பத்தோராம் நாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். "கட்டி வத்தலியே அண்ணாச்சி. நாளைக்குப் பாளையங்கோட்டைக்கு வண்டி பேசியிருக்கு" என்றார் வேதநாயகம். அந்த நேரம் பார்த்து வேறு மூன்று பெண்கள் பொட்டலத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டுதான்.

"தாராளமாப் போங்க. பத்தியம் மட்டும் தவறலியே?" என்றேன்.

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "போன ஞாயித்துக்கிழம கோயில்ல நற்கருணை எடுத்தேன். ஒரு வாய் திராட்சரசம். அது புளிப்புல சேருமா அண்ணாச்சி?"

"சேருமே தாயி."

வண்டி வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள். அதன்பிறகு அவள் நற்கருணைக்கு முழங்கால் போடவே இல்லையாம்.

இரண்டாம் மண்டலத்தில் நாற்பத்தைந்தாம் நாள் வந்தாள். ராத்திரியெல்லாம் வலி என்றாள். அழுதாயா என்று கேட்டேன். அழுதேன் என்றாள். கண்ணீர் உதட்டில் பட்டதா என்றேன். பட்டது. கண்ணீர் உப்புத்தானே, ஐயா? இதை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது.

மூன்றாவதில் கட்டி வாய் திறந்துவிட்டது. பார்க்கப் போனேன், வாசலிலேயே வாடை. "என் மேலதான் குத்தம். மருந்து என்ன செய்யும்? நீங்க மனசு கஷ்டப்படாதீங்க அண்ணாச்சி" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நானும் கஷ்டப்படவில்லை. முப்பத்தெட்டாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அவள் தம்பி பாக்கியசீலன் இலங்கைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. இழவுக்கு வந்தவன் மிச்சமிருந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்திருக்கிறான். நேரே கடைக்கு வந்து என் கழுத்துத் துண்டைப் பிடித்தான். "லே சிவசண்முகம், எங்க அக்காவுக்குத் தேயிலைத் தண்ணியையா லே கொடுத்தே?"

"கருப்பட்டி முதல் தரம்வே" என்றேன். அது உண்மை. அதற்குத்தான் இந்த வீங்கிய உதடு.

எழுதிக்கொள்ளுங்கள். விற்றது மூன்று மண்டலம், நூற்று நாற்பத்துநாலு பொட்டலம். அவள் குடித்தது நூற்று இருபத்துநாலு. மீதி இருபது, மூன்றரையணா வீதம் நாலு ரூபாய் ஆறணா. அதோ உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன், வேதநாயகத்திடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் கடையில் யாருக்கும் பாக்கி வைத்த வழக்கமில்லை. இருபதில் ஒன்றை அவள் தம்பி பிரித்துவிட்டான். அதைக்கூட நான் கழிக்கவில்லை, ஐயா.