பல் வலித்த தலைவரின் மகள்

மேடையில் வீற்றிருக்கும் உரிமை இயக்கப் பெரியவர்களே, எதிரே திரண்டிருக்கும் தோழர்களே, உள்ளே இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. கரண்ட்டு வேலை பார்ப்பவன். நாடகக் குழுவுக்கு விளக்குப் போட வந்தவனை, முகச்சாடை ஒத்துப்போகிறது என்று பிடித்து நிறுத்தித் தலைவர் வேடம் கட்டவைத்தவர் நம் அம்மையார். நாமெல்லாம் ‘எழுத்தம்மா’ என்று அழைத்த நாடக ஆசிரியை. நம் தலைவரின் ஒரே மகள். அவர் இன்று நம்மோடு இல்லை.

முன்வாசலில் நுழையாதே என்று விரட்டப்பட்ட நம்மை, அதே முன்வாசல் வழியாகக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவர் தலைவர். மறுப்பார் உண்டா? சிலை வைத்தோம். சாலைக்குப் பெயர் வைத்தோம். அவர் மறைந்த அன்று ஊரே கதறியது. அந்தக் கூட்டத்தில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணிடம், “உங்க அப்பா போயிட்டாரேம்மா” என்று ஒருவராவது சொன்னோமா? சொல்லவில்லை! தலைவரின் மகள் அழக்கூடாது என்று சொல்லி, முன்வரிசையில் உட்காரவைத்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட அந்த அப்பாவைத் திரும்பக் கேட்டுத்தான் அவர் நாடகம் எழுதினார். அதில் பொதுக்கூட்டம் இல்லை, முழக்கம் இல்லை. ஒரு வீடு, ஒரு மேசை, பல் வலியோடு ஒரு மனிதர். பேரணிக்குக் கிளம்ப வேண்டிய நேரம். பயத்தில் மனைவிமேல் எரிந்து விழுகிறார். பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே மன்னிப்புக் கேட்கிறார். இயக்க அலுவலகம் கொதித்துப்போனது. “தலைவருக்குப் பல் வலியா?” என்று செயலாளர் ஐயாவே கேட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, கேட்டீர்கள். “பல்லு இருந்துச்சேங்க” என்றார் அம்மையார்.

ஆனால் எதிர்த்தவர்களா அவரைத் தோற்கடித்தார்கள்? இல்லை! நாங்கள்தான். முதல் ஒத்திகை. தலைவர் வீடு திரும்புகிறார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே, “வந்தாச்சா?” என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் வேடத்தோடு உள்ளே நுழைந்தேன். மனைவியாக நடித்த பள்ளிக்கூட டீச்சர் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்! ஒப்பனைக்காரர் எழுந்தார். திரை இழுப்பவரும் எழுந்தார்.

“ஏம்மா, பத்து வருஷம் குடும்பம் நடத்தினவ புருஷனைப் பாத்து இப்படியா வெறைச்சுக்கிட்டு நிப்பா?” என்று அம்மையார் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் எங்கம்மா நின்னேன்? கால் தானா எழுந்திருச்சு” என்றார் டீச்சர்.

பதினோரு ஆண்டுகள், நாற்பது மேடைகள்! டீச்சரை நாற்காலியோடு கயிற்றால் கட்டிக்கூடப் பார்த்தோம். அவர் உட்கார்ந்தார், அரங்கம் எழுந்துவிட்டது. ‘வாழ்க’ என்று நீங்கள் முழங்கினால் போதும், என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். பல் வலி வசனத்தைக்கூடப் போராட்ட அறிவிப்புப் போல முழங்கினேன். அதற்கும் கைதட்டினீர்கள்! அம்மையார் பக்கத்துத் திரைக்குப் பின்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்பார். அதை நான் மட்டும் பார்த்தேன், பார்த்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன வாரம் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கரண்ட்டுக்காரரே, அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுங்க. எங்கப்பா சொன்ன மாதிரி.” அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது, பேரணிக்குக் கிளம்பிய தலைவர் அவர் காதோடு சொன்னது அது: “அப்பாவுக்குப் பல்லு வலிக்குதுடா கண்ணு. வெளிய சொல்லிடாத.”

குனிந்தேன். வாய் திறக்கும் நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விறைத்து நின்றார். அவ்வளவுதான், என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்தச் சின்ன அறையில், சாகக் கிடந்த ஒரு மகளின் முன்னால், மேடைக் குரலில் முழங்கினேன்.

“பரவால்ல, விடுங்க. உங்க தப்பில்ல” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் உறுதி கூறும்படி செயலாளர் ஐயா பணித்திருக்கிறார். கூறுகிறேன். நாடகம் நிற்காது. டீச்சர் காய் நறுக்குவார், நான் வீடு திரும்புவேன். ஆனால் சரியாகச் செய்வோம் என்று எந்த வாயால் சொல்வேன், தோழர்களே?

அவர் போன மறுநாள் அடக்கம் செய்தோம். அதற்கு அடுத்த நாள் காலை, என் வீட்டுச் சமையலறையில் பழுதான சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் முட்டியது. என்னையறியாமல் வாய் அந்த வசனத்தை முணுமுணுத்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மகள், திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்:

“எந்தப் பக்கம்ப்பா வலிக்குது? ரொம்ப வலியா?”

அம்மையாரே! சரியாகச் சொல்லிவிட்டேன். இரண்டே நாள் பிந்திவிட்டேன்.