தங்கச்சி வளவுக்குள் ஒரு கோட்டை

அஜக்ஸ் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஈழத்தமிழர் இருவர் இருந்தார்கள். தொப்பி போட்டவர் திடீரென்று சொன்னார்: "லண்டனில என்ர தங்கச்சியின்ர வீட்டு வளவுக்குள்ள கோட்டை கிடக்காம்."

"என்ன கோட்டை?" என்றார் மூத்தவர்.

"தேம்ஸ் ஆத்தால வாற எதிரிக் கப்பலுக்குப் பீரங்கி அடிக்க ஐந்நூறு வருசத்துக்கு முந்தி டியூடர் ராசா கட்டினது. பிறகு இடிஞ்சு, இடமே மறந்துபோச்சாம். இப்ப ஆராய்ச்சிக்காரர் வந்து வளவை அளக்கினம்."

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அளக்கினமோ? பிறகு வேலி போடுவினம். கடைசியில தன்ர வீட்டுக்குப் போக அவள் பாஸ் எடுக்கவேணும். ஊரில எங்களுக்கு அப்பிடித்தானே நடந்தது."

"அண்ணை, அது இங்கிலாந்து. நல்ல சனமாம். தங்கச்சி அவைக்குத் தேத்தண்ணியும் குடுத்தவளாம்."

"எங்கட வளவை அளக்க வந்த ஆமிக்காரருக்கு அம்மாவும் தேத்தண்ணி குடுத்தவ."